ஒரு டவர்கூட இல்லாத போன் கம்பெனி! - கென்யாவைப் பரபரக்க வைத்த ‘ஸ்டிக்கர் சிம்’ கதை

விரல் நகம் அளவே இருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். தடிமன் வெறும் 0.1 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தாளின் கனம்தான். கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும்.

இந்தப் படலத்தை நாட்டுக்குள் விடலாமா, கூடாதா என்று 2014-ம் ஆண்டு கென்யாவே இரண்டுபட்டது. நாடாளுமன்றக் குழு கூடி விவாதித்தது. மத்திய வங்கியிடம் கருத்து கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனம், ‘இதனால் மக்களின் பணத்துக்கே ஆபத்து’ என்று எதிர்த்து நின்றது.

இத்தனைக்கும் அந்தப் படலத்தைக் கொண்டுவர நினைத்தது பெரிய டெலிகாம் நிறுவனம் எதுவும் இல்லை. சொந்தமாக ஒரு டவர்கூட இல்லாத, அப்போதுதான் பிறந்திருந்த ஒரு குட்டி போன் கம்பெனி. அதன் பெயர் ‘ஈக்விட்டெல்’. அதை ஆரம்பித்தது ஒரு வங்கி!

வங்கிக்கு எதற்கு போன் கம்பெனி? அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், முதலில் கென்யாவின் காய்கறிக் கடைக்குப் போக வேண்டும்.

கல்லாப்பெட்டியே போன்தான்!

கென்யாவில் தெருவோரம் காய்கறி விற்கும் பெண்களை ‘மாமா ம்போகா’ என்று அழைப்பார்கள். ‘காய்கறி அம்மா’ என்று அர்த்தம். தலைநகர் நைரோபியில் இவர்கள் இல்லாத தெருவே இருக்காது. கீரைக்கட்டும் தக்காளியும் வெங்காயமும் அடுக்கிய சின்னக் கடை. பக்கத்தில் ஒரு பழைய பட்டன் போன். அந்த போன்தான் அவர்களுக்குக் கல்லாப்பெட்டி.

காரணம், ‘எம்-பெசா’. கென்யாவின் முன்னணி தொலைபேசி நிறுவனமான ‘சஃபாரிகாம்’, 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய சேவை இது. ஸ்வாஹிலி மொழியில் ‘பெசா’ என்றால் பணம். நம் ‘பைசா’வுக்குச் சொந்தக்காரச் சொல்தான். கடல் வணிகத்தில் அந்தப் பக்கம் போன வார்த்தை.

வங்கிக் கணக்கு தேவையில்லை. ஸ்மார்ட்போன் தேவையில்லை. இன்டர்நெட்டும் தேவையில்லை. தெருமுனை ஏஜென்டிடம் பணத்தைக் கொடுத்தால் அது போன் நம்பரில் ஏறிவிடும். அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர் தன் ஊர் ஏஜென்டிடம் போய் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். நைரோபியில் வேலை பார்க்கும் மகன், கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப இனி பஸ் டிரைவரிடம் கவர் கொடுத்துவிட வேண்டியதில்லை.

சேவை காட்டுத்தீயாகப் பரவியது. இன்று கென்யாவில் மட்டும் மூன்று கோடிக்கும் அதிகமானவர்கள் எம்-பெசா பயன்படுத்துகிறார்கள். ‘மொபைல் பணம்’ என்றாலே உலகம் கென்யாவைத்தான் உதாரணம் காட்டும்.

ஆனால், இந்த வெற்றிக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. பணம் அனுப்பினால் ஒரு கட்டணம். எடுத்தால் ஒரு கட்டணம். தொகை சிறியதாக இருந்தால், கட்டணம் சதவிகிதக் கணக்கில் பெரியதாக இருக்கும். மாற்று நெட்வொர்க்கும் சரியாக அமையவில்லை. 2014-ல் கென்யாவின் செல்போன் இணைப்புகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சஃபாரிகாமிடம்தான் இருந்தது. சொந்தக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் எம்-பெசாவில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் வேறு சேவைக்குப் போய் என்ன செய்வது?

காய்கறி அம்மாவுக்கு வேறு வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் பெரிய வங்கிகளுக்கும் வேறு வழியில்லை!

ஏழைகளின் வங்கிக்கு வந்த சோதனை

‘ஈக்விட்டி’ 1984-ல், மத்திய கென்யாவின் முராங்கா பகுதியில் சின்ன வீட்டுக் கடன் சங்கமாகத் தொடங்கியது. 1993-ல் அதன் நிலைமை படுமோசம். கிட்டத்தட்ட திவால் என்று அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் நிதிப் பொறுப்பாளராக வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் ம்வாங்கி. அதே முராங்காவில் பிறந்தவர். தந்தை இல்லாத குடும்பத்தில், தாயின் உழைப்பில் வளர்ந்தவர்.

பெரிய வங்கிகள் திரும்பிக்கூடப் பார்க்காத மக்களை நோக்கித் திரும்பியது ஈக்விட்டி. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள், சிறு விவசாயிகள், சந்தை வியாபாரிகள்தான் அதன் வாடிக்கையாளர்கள். கணக்கில் இவ்வளவு தொகை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேனிலேயே வங்கியை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். 2004-ன் இறுதியில் முழு வங்கியாக மாறி, 2006-ல் பங்குச்சந்தையிலும் இறங்கியது. 2014-ல் 80 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகள் அதனிடம் இருந்தன.

இவ்வளவு வாடிக்கையாளர்கள் இருந்தும் ம்வாங்கிக்கு ஒரு கவலை. எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறது. அந்த போனுக்குள் இருக்கும் சிம், வேறொருவருடையது.

2010-ம் ஆண்டு மே மாதம், ஈக்விட்டியும் சஃபாரிகாமும் கைகோத்து ‘எம்-கெஷோ’ என்ற சேமிப்புக் கணக்கைத் தொடங்கின. எம்-பெசாவிலிருந்து நேராக வங்கிக் கணக்கில் பணம் போடலாம், எடுக்கலாம். ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. ஆனால், இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே வாடிக்கையாளருக்குச் சொந்தம் கொண்டாடினால் என்ன ஆகும்? கூட்டணி கசந்துபோனது.

2012-ம் ஆண்டு நவம்பரில், சஃபாரிகாம் வேறொரு வங்கியோடு சேர்ந்து ‘எம்-ஷ்வாரி’ என்ற சேவையைக் கொண்டுவந்தது. போனிலேயே சேமிப்பு, போனிலேயே சிறு கடன். சில மாதங்களிலேயே லட்சக்கணக்கில் வாடிக்கையாளர்கள் குவிந்தார்கள். யாரை நம்பி ஈக்விட்டி வளர்ந்ததோ, அதே மக்கள்.

‘நம் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போகிற பாதை, பக்கத்து வீட்டுக்காரரின் முற்றம் வழியாகப் போகிறது’ என்ற நிலைமை. முற்றத்துக் கதவை எப்போது திறப்பது, எவ்வளவு வசூலிப்பது என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் விருப்பம்.

சிம்முக்குள் அப்படி என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்பட வேண்டாம், எளிமையானதுதான்.

பட்டன் போனில் பேலன்ஸ் பார்க்க, ஸ்டார் போட்டு சில எண்களை அழுத்தி, ஹாஷ் போட்டு அழைப்போம் அல்லவா? அதற்கு ‘யு.எஸ்.எஸ்.டி’ என்று பெயர். வங்கிகள் பட்டன் போன் வாடிக்கையாளர்களை இப்படித்தான் அடைய முடியும். ஆனால், அந்த ஒவ்வோர் அழைப்பும் தொலைபேசி நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கான கட்டணத்தை அந்த நிறுவனம் வசூலிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு வழி, ‘சிம் டூல்கிட்’. சிம் கார்டுக்குள்ளேயே ஒரு மெனுவை எழுதி வைத்துவிடுவது. எம்-பெசா இப்படித்தான் வேலை செய்தது. போனைத் திறந்தால் மெனு தயாராக இருக்கும். பணம் அனுப்பு, பணம் எடு, பில் கட்டு என்று தேர்ந்தெடுத்து, ரகசிய எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. வேகமானது, பாதுகாப்பானது. ஆனால், சிம் கார்டுக்குள் எழுதும் உரிமை, சிம் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு.

ஆக, ஸ்மார்ட்போன் பரவாத அந்தக் காலத்தில், மக்களின் பணப்பெட்டிக்கான சாவி சிம்முக்குள் இருந்தது. சாவி வேண்டுமென்றால் சொந்தமாக சிம் வேண்டும். சொந்தமாக சிம் வேண்டுமென்றால் தொலைபேசி நிறுவனமாகவே மாற வேண்டும்.

ஈக்விட்டி அதைத்தான் செய்தது.

ஒண்டிக்குடித்தன டெலிகாம்!

ஒரு தொலைபேசி நிறுவனம் தொடங்குவதென்றால் சும்மாவா? அலைக்கற்றை ஏலம் எடுக்க வேண்டும். நாடு முழுக்க டவர்கள் நிறுத்த வேண்டும். கோடி கோடியாகக் கொட்ட வேண்டும்.

ஆனால், ஒரு குறுக்குவழி உண்டு. அதன் பெயர் ‘மெய்நிகர் மொபைல் நெட்வொர்க் ஆபரேட்டர்’. சுருக்கமாக எம்.வி.என்.ஓ. நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒண்டிக்குடித்தனம்.

பெரிய நிறுவனத்தின் டவரும் அலைக்கற்றையும் முழுதாகப் பயன்படாமல் இருக்கும். அதில் ஒரு பகுதியை இந்தக் குட்டி நிறுவனம் மொத்த விலைக்கு வாங்கும். தன் பெயரில் சிம் அச்சடித்து, தானே கட்டணம் நிர்ணயித்து, சில்லறையாக விற்கும். வாடிக்கையாளருக்குத் தெரிவது குட்டி நிறுவனத்தின் பெயர். சிக்னல் தருவது பெரிய நிறுவனத்தின் டவர். இங்கிலாந்தில் 1999-ல் ‘விர்ஜின் மொபைல்’ இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதே பெயர் 2006-ல் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது.

2014-ம் ஆண்டு ஏப்ரலில், கென்யாவின் தொலைத்தொடர்பு ஆணையம் மூன்று நிறுவனங்களுக்கு இந்த உரிமத்தை வழங்கியது. அதில் ஒன்று ‘ஃபின்சர்வ் ஆப்பிரிக்கா’. ஈக்விட்டி வங்கியின் துணை நிறுவனம். அதன் சிம்முக்கு வைத்த பெயர்தான் ‘ஈக்விட்டெல்’.

வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? நமக்கு நன்றாகப் பழக்கமான ஏர்டெல்தான். 2010-ல் இந்தியாவின் பார்தி ஏர்டெல், ‘ஜெயின்’ நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை 10.7 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது, கென்யாவும் அதன் கைக்கு வந்தது. கென்செல், செல்டெல், ஜெயின் என்று மூன்று பெயர்களைப் பார்த்துவிட்டு ஏர்டெல்லாக மாறியிருந்த அந்த நெட்வொர்க், சஃபாரிகாமுக்குப் பின்னால் வெகு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. டவர்களில் இடம் இருந்தது. வாடகை வந்தால் கசக்குமா?

சிம் மேல் ஒரு சிம்

இப்போது இன்னொரு சிக்கல். மக்கள் எதற்காகத் தங்கள் சஃபாரிகாம் சிம்மைக் கழற்ற வேண்டும்? பல வருடங்களாகப் பயன்படுத்தும் நம்பர். எல்லோரிடமும் கொடுத்திருக்கும் நம்பர். எம்-பெசா பணமே அதில்தான் இருக்கிறது. எவ்வளவு சலுகை கொடுத்தாலும் அதைக் கழற்றிவிட்டுப் புது சிம் போட யாரும் தயாராக இல்லை. இரண்டு சிம் போடும் போனும் எல்லோரிடமும் கிடையாது.

இதற்கு ஈக்விட்டி கண்டுபிடித்த தீர்வுதான் ஆரம்பத்தில் பார்த்த அந்தப் படலம். தைவானைச் சேர்ந்த ‘டைசிஸ்’ என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம். பெயர் ‘தின் சிம்’. பழைய சிம்மின் மேல் ஸ்டிக்கர் போல ஒட்டிவிட வேண்டியதுதான். ஒரே இடத்தில் இரண்டு சிம்! மெனுவில் போய் எந்த நம்பர் வேண்டுமோ அதற்கு மாறிக்கொள்ளலாம். பழைய நம்பரும் இருக்கும், எம்-பெசாவும் இருக்கும், பக்கத்திலேயே வங்கிக் கணக்கும் இருக்கும்.

சஃபாரிகாம் கொதித்து எழுந்தது.

“எங்கள் சிம்முக்கும் போனுக்கும் நடுவில் வேறொரு சிப் உட்கார்ந்தால், அந்த வழியாகப் போகிற எல்லாத் தகவலையும் அது பார்க்க முடியும். வாடிக்கையாளர் போடும் எம்-பெசா ரகசிய எண்ணையும்கூட” என்பதுதான் அதன் வாதத்தின் சாரம். இந்த அச்சத்தை முழுக்க ஒதுக்கித் தள்ளவும் முடியாது. படலம் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. போன் சிம்மோடு பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான் போகும்.

ஈக்விட்டி தரப்போ, ‘எங்கள் படலம் மற்ற சிம்மின் தகவலைத் தொடாது. ஒரு வங்கியான நாங்களே மக்களின் பணத்துக்கு ஆபத்து வரும்படி செய்வோமா?’ என்று கேட்டது. உண்மையான அச்சம் பாதுகாப்பைப் பற்றியதா, இல்லை போட்டியைப் பற்றியதா என்று அப்போதே பலர் கேட்டார்கள். இரண்டிலும் கொஞ்சம் இருந்தது என்று சொன்னால் தவறாகாது.

தொலைத்தொடர்பு ஆணையம் நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வருடம் சோதனை முறையில் நடத்தலாம், பிரச்னை வருகிறதா என்று பார்ப்போம் என்று 2014-ன் பிற்பாதியில் அனுமதி கொடுத்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2015-ல் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஈக்விட்டெல் முறைப்படி அறிமுகமானது. 0763, 0764 என்று தொடங்கும் புது நம்பர்கள் கென்யர்களின் கைகளில் வந்தன.

இந்தக் கூத்தில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. இவ்வளவு சண்டைக்குக் காரணமான அந்த ஸ்டிக்கரோடு, வழக்கமான சிம் கார்டையும் ஈக்விட்டெல் கொடுத்தது. மலிவு விலையில் இரண்டு சிம் போன்கள் சந்தையில் குவிய ஆரம்பித்ததும், ஒட்ட வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது!

குட்டி நிறுவனம், பெரிய அசைவு

ஈக்விட்டெல் சிம் என்ன கொடுத்தது? ஈக்விட்டி கணக்கிலிருந்து இன்னோர் ஈக்விட்டி கணக்குக்குப் பணம் அனுப்ப கட்டணமே இல்லை. மற்ற நெட்வொர்க்குக்கு அனுப்பினால் அதிகபட்சக் கட்டணம் 25 ஷில்லிங். அன்றைய மதிப்பில் சுமார் 16 ரூபாய். போனிலேயே கடன் கேட்கலாம். கணக்கில் வரவு செலவு எப்படி இருக்கிறது என்று பார்த்து வங்கி முடிவு செய்யும். கிளைக்குப் போய், படிவம் நிரப்பி, அதிகாரி முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

காய்கறி அம்மாவுக்கு இதன் அர்த்தம் ரொம்ப எளிமையானது. விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டில் சரக்கு எடுக்கக் கொஞ்சம் பணம் குறைகிறதா? பக்கத்துக் கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ போகாமல், நின்ற இடத்திலேயே கடன் வாங்கலாம். அனுப்பும் கட்டணத்தில் மிச்சமாகிற பத்து, இருபது ஷில்லிங்கும் அவருக்கு லாபம்தான். தினமும் சேர்ந்தால் அது பள்ளிக்கூடச் செலவு.

சில வருடங்களிலேயே ஈக்விட்டெல் வாடிக்கையாளர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ஈக்விட்டி கொடுத்த கடன்களில், எண்ணிக்கைக் கணக்குப்படி பெரும்பாலானவை மொபைல் வழியாகவே போகத் தொடங்கின. மொத்த செல்போன் இணைப்புகளில் ஈக்விட்டெல்லின் பங்கு சில சதவிகிதம்தான். ஆனால், மொபைலில் கைமாறும் பணத்தின் மதிப்பில் அது ஏர்டெல் மணியையே தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தது. வாடகைக்கு வந்தவர், வீட்டுக்காரரையே முந்திவிட்டார்!

அதே சமயத்தில் பெரிய நிறுவனமும் அசைந்து கொடுத்தது. 2014-ம் ஆண்டு ஜூலையில், தன் எம்-பெசா ஏஜென்டுகள் மற்ற நிறுவனங்களுக்கும் வேலை செய்யலாம் என்று சஃபாரிகாம் கதவைத் திறந்தது. அதற்கு முன்பு அப்படிச் செய்யத் தடை இருந்தது. ஆகஸ்டில், சிறு தொகைகளுக்கான எம்-பெசா கட்டணத்தைக் குறைத்தது. சில தொகைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை குறைப்பு. ஏஜென்ட் விவகாரத்தில் ஏர்டெல்லின் புகாரும், போட்டி ஆணையத்தின் தலையீடும் முக்கியக் காரணம். ஆனால், ஒரு பெரிய வங்கியே சிம் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற நேரம் அது என்பதையும் மறக்க முடியாது.

ஈக்விட்டெல் சிம்மை வாழ்நாளில் தொட்டுக்கூடப் பார்க்காத காய்கறி அம்மாவுக்கும், அனுப்பும் கட்டணம் குறைந்தது. சிறு போட்டியாளர் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். அவர் ஜெயிக்கவே வேண்டியதில்லை. வாசலில் வந்து நின்றாலே போதும்.

எல்லா ஒண்டிக்குடித்தனமும் நிலைக்குமா?

நிலைக்காது. கென்யாவில் அன்று உரிமம் வாங்கிய மூன்று நிறுவனங்களில், மக்கள் மத்தியில் பெயர் எடுத்தது ஈக்விட்டெல் மட்டும்தான். தென்னாப்பிரிக்காவில் 15 வருடங்கள் தாக்குப்பிடித்த விர்ஜின் மொபைல், 2021-ல் கடையை மூடியது.

காரணம், கணக்கு. நிமிடத்துக்கு இவ்வளவு, ஜி.பி-க்கு இவ்வளவு என்று வீட்டுக்காரருக்கு மொத்த விலை கொடுத்தே ஆக வேண்டும். வீட்டுக்காரரே அதைவிடக் குறைந்த விலைக்கு நேரடியாக விற்க ஆரம்பித்தால், குடியிருப்பவர் பாடு திண்டாட்டம். பேச்சையும் டேட்டாவையும் மட்டும் விற்று லாபம் பார்ப்பது கடினம். கையில் வேறொரு தொழில் இருக்க வேண்டும்.

அதனால்தான் ஆப்பிரிக்காவில் இந்தத் தொழிலில் வங்கிகள் தாக்குப்பிடிக்கின்றன. வங்கிக்கு சிம் ஒரு லாபக் கடை இல்லை. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் கயிறு. தென்னாப்பிரிக்காவின் எஃப்.என்.பி வங்கி 2015-ல் சிம் விற்க வந்தது. அங்கே ஏழை, நடுத்தர மக்களின் வங்கியாகப் பெயர் எடுத்த ‘கேப்பிடெக்’, 2022 செப்டம்பரில் வந்தது. கேப்பிடெக் கொடுத்த வாக்குறுதி ஒன்றுதான்: ‘நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டேட்டா காலாவதியாகாது.’ ஒரு நாள், ஒரு வாரம் என்று கெடு வைத்த குட்டிக் குட்டி பேக்குகளை வாங்கி, பயன்படுத்துவதற்குள் பறிகொடுத்துப் பழகிய மக்களுக்கு அதுவே பெரிய விஷயம். இன்று 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்த சிம் வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு வங்கிகளுக்கும் விர்ஜினுக்கும் வாடகைக்கு இடம் கொடுத்தது ‘செல் சி’ என்ற ஒரே நிறுவனம். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடன் சுமையில் திணறிய செல் சி, தன் டவர்களை நடத்துவதையே விட்டுவிட்டு எம்.டி.என், வோடாகாம் நெட்வொர்க்குகளுக்கு மாறிவிட்டது. வீட்டுக்காரரே வாடகை வீட்டுக்குக் குடிபோன கதை!

வாசல் யாருடையது?

ஈக்விட்டெல் இன்றும் இயங்குகிறது. ஆனால், அது பிறந்த காரணம் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது. 2017-ல் கென்ய வங்கிகள் ஒன்றுசேர்ந்து ‘பெசாலிங்க்’ என்ற சேவையைத் தொடங்கின. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் அனுப்பலாம். 2018-ல் எம்-பெசாவும் ஏர்டெல் மணியும் ஒன்றுக்கொன்று பணம் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. ஸ்மார்ட்போன் பரவியதும், வங்கியின் ஆப் எந்த சிம்மிலும் வேலை செய்கிறது. சாவிக்காக சிம் தேவைப்பட்ட காலம் போய்விட்டது.

எம்-பெசா இன்றும் கென்யாவின் ராஜாதான். அதை ஈக்விட்டெல்லால் அசைக்க முடியவில்லை. சிம் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், இது ஒரு சிறிய நிறுவனத்தின் சிறிய கதை. ஒரு நகம் அளவு படலத்துக்காக நாடாளுமன்றமும் நீதிமன்றமும் ஏன் கூட வேண்டியிருந்தது என்று யோசித்தால்தான் அதன் அளவு தெரியும்.

சண்டை சிம்மைப் பற்றியது இல்லை. சாமானியரின் பணத்துக்குப் போகிற வாசல் யாருடையது என்பதைப் பற்றியது. ஒரே ஒருவரின் கையில் வாசல் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சுங்கத்தை அவரே முடிவு செய்வார். இரண்டாவது வாசல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வாடகை இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அது திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே முதல் வாசலில் சுங்கம் குறையும்.

நைரோபியின் மாமா ம்போகாவுக்கு எம்.வி.என்.ஓ என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. சிக்னல் யாருடைய டவரிலிருந்து வருகிறது என்பதும் அவருக்குக் கவலையில்லை. மாலையில் கடையைக் கட்டும்போது போனை எடுத்துப் பார்ப்பார். அன்றைய வியாபாரத்தில் கட்டணமாகப் போனது எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பத்து ஷில்லிங் மிச்சமானாலும், 0.1 மில்லிமீட்டர் படலத்துக்காக நடந்த சண்டை வீண் போகவில்லை!